வழுக்கைத் தலைக்கு வந்த டோப்பா விளம்பரம்

லிஃப்ட்டுக்காரர் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். மாடிகளுக்கு நடுவே இருட்டுக் குழியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு, கிரீஸ் பிசுக்கேறிய கையோடு பாதி ஆயுளைக் கழித்தவர். தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. முப்பது வயதுக்குள் எல்லாம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. "குழிக்குள்ள பல்பு போனா என் தலையே போதும்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். கிண்டல் பண்ணும் வாய்ப்பை அடுத்தவனுக்கு விடமாட்டார்.

வாய் பெரிது, மனசு அதைவிட இளகியது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் தடாலென்று விழுந்தார். பிரசவித்தவளைப் பார்க்க வந்த நர்சு இவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பல் பிடுங்கப் போன இடத்தில், அடுத்த நாற்காலிக்காரர் துப்பிய ரத்தத்தைப் பார்த்துச் சாய்ந்தார். ரகசியமும் அவரிடம் தங்காது. காலையில் காதில் விழுந்தது மாலைக்குள் தெருக்கோடி வரை போய்விடும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்காதது மாதிரிதான்.

வீடு சின்னது. கீழே அவரும் மனைவியும் அவருடைய அக்காவும். மாடியில் ஒற்றை அறை, அதில் ஒரு வங்கியின் இரவுக் காவல்காரர் குடியிருந்தார். மகள் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இவரைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரு கல்யாணம் நடந்து, ஒத்துவராமல் முடிந்துபோனது. அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. வாடகை வீட்டில் கூரை ஒழுகுகிறது, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தாள். கூரை சரியானது. பிறகு அந்த வீடே கைமாறி, இடிபட்டு, அந்த இடத்தில் வேறு கட்டடம் எழும்பியது. அக்கா போகவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. அவருடைய மனைவிக்கும் அவள் அக்காதான், மாடிக்காரருக்கும் அக்காதான்.

அக்காவுக்கு வாடகைக் கார் கம்பெனியில் வேலை. வீட்டில் இருந்தபடியே பார்க்கிற வேலை. முன்னறை மூலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாருக்கு எந்தக் காரை அனுப்புவது என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாள். அழைப்பில் வருகிறவர்களிடம் தேன் ஒழுகும். கருவியைக் கழற்றினால் தம்பிக்கு மட்டும் மிளகாய். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, பற்பசையை எந்தப் பக்கம் அழுத்துவது, டிவி சத்தம் எவ்வளவு, எல்லாவற்றுக்கும் இருவருக்கும் நடுவே ஒரு மல்லுக்கட்டு. எலியும் பூனையும் என்பார்கள், ஆனால் இங்கே இரண்டுமே பூனை.

வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு ஒன்றுதான். வாசலுக்கு உள்ளே, செருப்பு வைக்கும் பலகைக்கு மேலே, பச்சைக் கண்களைச் சிமிட்டிக்கொண்டு ஒரு வெள்ளைப் பெட்டி. மாடிக்காரர் பகலில் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவார் என்பதால் அவருக்கும் அதன் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார்கள்.

விவகாரம் ஒரு காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. லிஃப்ட்டுக்காரர் போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு விளம்பரம். தோள் வரை புரளும் பழுப்பு முடியோடு ஒரு பெண் சிரித்தாள். டோப்பா விற்கிற கடை. 'உண்மையான முடி போலவே' என்று கீழே ஒரு வரி.

"அடப்பாவி, பொம்பள டோப்பாவ எனக்குக் காட்டுறானே!" என்று போனைத் தூக்கிக்காட்டிச் சிரித்தார்.

மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காதான் பேசினாள், வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாக. "உன் தலையப் பார்த்து போனுக்கே பாவமா இருக்கு போல." சொல்லிவிட்டுக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க டோப்பா அவரை விடவில்லை. குட்டை முடி, நெளி முடி, கறுப்பு, பழுப்பு. பிறகு மென்மையான பருத்தித் தொப்பிகள் வந்தன. வாய்ப்புண்ணுக்கு இதமான பல்துலக்கி வந்தது. காரில் பட்டை மாட்டும்போது நெஞ்சை உறுத்தாமல் இருக்க ஒரு குட்டித் தலையணை வந்தது. இது எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காததை நாலு பேரிடம் காட்டிச் சிரிப்பது அவர் வழக்கம். வேலை இடத்திலும் காட்டினார்.

அந்தக் கட்டடத்தில் கேமராக்களும் இன்டர்நெட் வயர்களும் பொருத்துகிற அம்மா ஒருத்தி இருந்தாள். அவரைவிடக் கொஞ்சம் இளையவள். டீ குடிக்கிற நேரத்தில் எல்லாரும் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை. போனைக் கையில் வாங்கி, விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இதெல்லாம் நீங்க தேடினதா?"

"நான் எதுக்கும்மா பொம்பள டோப்பா தேடப்போறேன்?"

"அப்போ வீட்ல வேற யாரோ தேடியிருக்காங்க."

"அவங்கவங்க போன்ல தேடினா என் போனுக்கு எப்படி வரும்? போன் வேற, நம்பர் வேற."

"போன் வேறதான். ஆனா வெளிய போற வழி ஒண்ணு." அவள் கையில் இருந்த வயரைக் கீழே வைத்தாள். "உங்க வீட்ல வெள்ளையா ஒரு பெட்டி இருக்குமே, எல்லாமே அது வழியாத்தான் போகுது. உள்ள இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அந்தப் பெட்டி தனித்தனி நம்பர் குடுத்து வச்சிருக்கும். அது வீட்டுக்குள்ள மட்டும்தான் செல்லும். வெளிய தெரியிறது இன்டர்நெட் கம்பெனிக்காரன் பெட்டிக்குக் குடுத்த ஒரே நம்பர். அதத்தான் ஐ.பி. முகவரின்னு சொல்றாங்க."

"ஒரே நம்பர்னா, வர்றது எது யாருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அது பெட்டியோட வேலை. இந்தக் கட்டடத்துல வாசக் கதவு ஒண்ணுதானே? தபால் எல்லாம் அங்கதான் வருது. எந்த வீட்டுக்குப் போகணும்னு வாசல்ல இருக்கிறவர் பிரிச்சு அனுப்புறார்ல? அந்த மாதிரி. உங்க மனைவி கேட்டது அவங்களுக்கு, நீங்க கேட்டது உங்களுக்கு. அதுல குழப்பம் வராது. ஆனா வெளிய நிக்கிற கடைக்காரன் என்ன பார்க்கிறான்? இந்த வாசல்ல இருந்து யாரோ ஒருத்தர் வந்து டோப்பா பார்த்துட்டுப் போனாங்க. யாருன்னு அவனுக்குத் தெரியாது. சரி, இந்த வாசல்ல இருந்து இனிமே யார் வந்தாலும் டோப்பாவக் காட்டுவோம்னு வச்சுடுறான்."

"ஆனா நான் இப்போ இங்கல்ல இருக்கேன்? வீட்டு வாசல் எங்க, நான் எங்க?"

"வெளிய வந்தா உங்க போன் வேற முகவரிலதான் போகுது. ஆனா ராத்திரி ராத்திரி அந்த வாசலுக்குள்ள போற போன் இதுன்னு அவன் ஒரு தடவ சேர்த்து வச்சுட்டான்னா, நீங்க எங்க போனாலும் விடமாட்டான்."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"டோப்பா மட்டும்னா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேண்ணே. இந்தத் தொப்பி, வாய்ப்புண்ணு, இந்தத் தலையணை. எங்க சின்னம்மாவுக்கு இதெல்லாம் வாங்கினோம். புற்றுநோய் வைத்தியம் பண்ணும்போது வாங்குறது."

லிஃப்ட்டுக்காரருக்குக் கையில் இருந்த டீ எப்போது தரையில் கொட்டியது என்று தெரியவில்லை.

"நிச்சயம்னு சொல்லமாட்டேன்" என்று அவள் அவசரமாகச் சேர்த்தாள். "சில கம்பெனிக்காரங்க பல வீட்டையும் சேர்த்து ஒரே முகவரில விட்டுடுவாங்க. வேற எவரோகூட இருக்கலாம். உங்க இணைப்ப வெளியாளு யாராவது பயன்படுத்துறாங்களா?"

மாடிக்காரர்! முங்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி இருந்தது. பாவம், அந்த மனுஷனுக்குத்தான் ஏதோ. அப்படி நினைத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அடுத்தவருக்கு நோய் என்பதில் இறங்குகிற பாரம் என்ன பாரம் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

மாலையில் நேரே மாடிக்கு ஏறினார். காவல்காரர் வேலைக்குப் போகச் சீருடையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உடம்பு கிடம்பு நல்லாத்தானே இருக்கு?"

காவல்காரரின் விரல் பொத்தானில் நின்றுவிட்டது. "ஏன்? என் முகத்துல ஏதாவது தெரியுதா?"

"இல்ல, இல்ல. இந்த டோப்பா விளம்பரம்..."

"உங்களுக்கும் வருதா!" காவல்காரர் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். "நான் பயந்தே போயிட்டேங்க. என் இருமலக் கேட்டு போனே ஏதோ கண்டுபிடிச்சிடுச்சுன்னு நெனச்சேன். ஓடிப்போய் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்-ரே எல்லாம் எடுத்தாச்சு. டாக்டர் என்னக் கழுத்தப் புடிச்சுத் தள்ளாத குறை. 'உனக்கு ஒண்ணுமில்ல, போனக் கொஞ்சம் கீழ வை'ன்னுட்டார். அப்போ இது எனக்கு இல்லையா?" அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியது. "அப்போ யாருக்கு?"

லிஃப்ட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

கீழே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நடுவாசலில் நின்று பார்த்தார். கொஞ்ச நாளாக அவள் கடையில் அரைநாள் விடுப்புப் போடுவது ஞாபகத்துக்கு வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, கடையில் சரக்குக் கணக்கு என்றாள். சரக்குக் கணக்கென்றால் வேலை கூடத்தானே வேண்டும், குறைவானேன்? போன வாரம் சமையலறையில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். கேட்டதற்குக் கண்ணில் ஏதோ விழுந்தது என்றாள். குளியலறைக்குப் போய் அவளுடைய சீப்பை எடுத்தார். பல்லிடுக்கில் நீளமாக இரண்டு முடி. சீப்பென்றால் முடி இருக்கத்தான் செய்யும், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் மறுபடி எண்ணிப் பார்த்தார்.

கேட்கவில்லை. நாக்கு அசைந்தாலே உளறுகிற மனிதருக்கு அன்றைக்கு வாய் பூட்டிக்கொண்டது. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளே! "என்னங்க, சாப்பாடு எறங்கலையா?" என்று அவள் கேட்டாள். "வெயில்" என்றார். "வெயில் அடிச்சா ஒண்ணரை மடங்கு சாப்புடுவானே இவன்" என்று மூலையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். அதற்கும் அவர் பதில் பேசவில்லை. பதில் பேசாத தம்பியை அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தும் அவருடைய பயம் ஒரே ஆளைத்தான் சுற்றியது. அக்காவுக்கு நோய் வரும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. சளிகூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் வரும் என்று நம்பியிருந்தார்.

மறுநாள் வேலைக்குப் போனார். லிஃப்ட் பெட்டியின் கூரையில் கால் வைக்கிறவன் முதலில் செய்யவேண்டியது, அங்கே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவது. அதை அழுத்தினால் யார் எந்த மாடியில் கூப்பிட்டாலும் பெட்டி நகராது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் சொல்லக்கூடிய முதல் பாடம் அது. அன்றைக்குக் கூரையில் ஏறினார், விளக்கை மாட்டினார், கருவிப் பையை வைத்தார். பொத்தானை மறந்தார். வெளியே நின்ற கூட்டாளி, வழக்கம்போல் அழுத்தியிருப்பார் என்று அந்த மாடியின் லிஃப்ட் கதவைச் சாத்தினான்.

மேலே யாரோ லிஃப்ட்டைக் கூப்பிட்டார்கள்.

பெட்டி கிளம்பியது. சுவர் கீழே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவர் எப்படிக் கீழே போகும் என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தார். நிமிர்ந்தால் இரும்பு உத்தரம் தலைக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் போட்ட சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. அதற்குள் படியேறத் தொடங்கியிருந்த கூட்டாளி பாய்ந்து ஏறி, அடுத்த மாடிக் கதவின் பூட்டில் சாவியைச் செருகித் திருகினான். மாடிக் கதவு திறந்தால் லிஃப்ட் நின்றாகவேண்டும். நின்றது. உத்தரத்துக்கும் அவர் தலைக்கும் நடுவே கையை விட்டால் நுழையும், அவ்வளவுதான்.

கூட்டாளி அவரை வெளியே இழுத்துப் போட்டு, அவரைவிட அதிகமாக நடுங்கினான். "உங்களுக்கு என்னண்ணே ஆச்சு? ஒருநாளும் இப்படிப் பண்ண ஆளில்லையே நீங்க!"

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. கிரீஸ் படிந்த உடுப்போடு நேரே மனைவி வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார்.

கடையில் இரண்டு பேர் மூக்குக் கண்ணாடிக்குச் சட்டம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அழுதுகொண்டிருக்கும் ஒரு வழுக்கைத் தலை. மனைவி ஓடி வந்தாள். "என்னங்க? என்ன ஆச்சு? அடிபட்டுடுச்சா?" அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அவள் கையைப் பிடித்துக் கண் பரிசோதிக்கும் உள்ளறைக்குக் கூட்டிப்போய், உயர நாற்காலியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். அறை இருட்டு. எதிர்ச் சுவரில், பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துகள் மட்டும் வெளிச்சத்தில் நின்றன.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். "டோப்பா. தொப்பி. எல்லாம். ஏன் எங்கிட்ட மறச்சே? உனக்கு ஒண்ணுன்னா நான் எப்படி..."

அவள் அவரையே பார்த்தாள். "எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"அப்பாடா!"

சத்தமாகவே சொல்லிவிட்டார். உடம்பு முழுக்க உயிர் திரும்பி வந்தது. அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மலரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அக்காவுக்குங்க" என்றாள்.

வெளிச்சத்தில் நின்ற எழுத்துகள் கலங்கின. நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். காதுக்குள் அந்த 'அப்பாடா' இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கூடப் பிறந்தவளுக்கு என்று தெரிவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால் சொன்ன வார்த்தை.

மனைவி மெல்லச் சொன்னாள். மார்பில் ஒரு கட்டி. அக்காவே கண்டுபிடித்திருக்கிறாள். இவள் கூடப் போயிருக்கிறாள், ஊசி போட்டு எடுத்துச் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். முதலில் சில மாதம் மருந்து ஏற்றுவார்கள், பிறகு அறுவை. மருந்து அடுத்த வாரம் ஆரம்பம். முடி கொட்டும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல? ஊரெல்லாம் சொல்லிடுவேன்னா? மயங்கி விழுந்துடுவேன்னா?"

"அதுவும்தான்" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. "ஆனா அக்கா சத்தியம் வாங்கினது அதுக்கு இல்லைங்க. 'அவன் கயித்துல தொங்குற வேலை பாக்குறான். மனசு எங்கயாவது இருந்தா உசுருக்கு ஆபத்து. இந்த உயரக் கட்டட வேலை முடியட்டும், அப்புறம் நானே சொல்லிக்கிறேன்'னாங்க."

அரைமணி நேரத்துக்கு முன் தலைக்கு நேரே இறங்கிய உத்தரம் அவருக்குக் கண்முன் வந்தது. அதைப் பற்றி மனைவியிடம் அப்போது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது அக்கா மூலையில் இருந்தாள். காதில் கருவி, முதுகு நிமிர்ந்து. "வணக்கம், எங்கிருந்து எங்க போகணும் சொல்லுங்க... சரிங்கம்மா, வண்டி வந்துடும்." திரும்பிப் பார்த்தாள். "என்னடா, வேலைய விட்டுத் தொரத்திட்டானா?"

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும்க்கா."

அக்கா முகத்தில் எதுவும் அசையவில்லை. "எவ சொன்னா? அவதானே? வாயில வசம்பு வச்சுத் தேய்க்கிறேன் இரு."

"அவ சொல்லல. போன் சொல்லுச்சு."

"போனா?... வணக்கம், சொல்லுங்க. ரயில் நிலையமா? எத்தன பேரு?... வண்டி வருதுங்க." அழைப்பை முடித்தாள். "என்னடா உளர்றே?"

கேமரா அம்மா சொன்னதை அவர் தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னார். "எந்த மாடில இருந்து எவன் எறங்கினாலும் கீழ வாசல் ஒண்ணுதான்க்கா. நீ அந்த வாசல் வழியா டோப்பாக் கடைக்குப் போனே. கடைக்காரன் வாசலக் குறிச்சு வச்சுக்கிட்டான். நான் வெளிய வந்தேன், என் கையில டோப்பாவத் திணிச்சிட்டான்."

"நான் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல மறைவா பார்க்கிற ஜன்னலத் திறந்துல்ல பார்த்தேன்! மூடினதும் எல்லாம் தானா அழிஞ்சிடும்னு அதுலயே போட்டிருந்துச்சே!"

"அழிஞ்சது உன் கம்ப்யூட்டர்ல இருந்துதான். வாசல் நம்பர் அதே நம்பர்தானே?"

அக்கா கருவியைக் கழற்றினாள். வேலை நேரத்தில் அவள் அதைக் கழற்றி அவர் பார்த்ததே இல்லை. முகம் வெளுத்திருந்தது. டாக்டர் சொன்னபோதுகூட அவள் இப்படி ஆடிப்போகவில்லை என்று மனைவி பிறகு சொன்னாள். "கூடப்பொறந்தவன்கிட்டகூட மூச்சு விடல நான். எவனோ ஒரு கடைக்காரன் எனக்கு முன்னாடி உனக்குச் சொல்லிட்டானா? இன்னும் யாருக்கெல்லாம்டா தெரியும்?" வெள்ளைப் பெட்டி இருக்கும் பக்கம் திரும்பினாள். "மாடிக்காரருக்குமா?"

"அவருக்கும்தான்! தனக்குத்தான் நோய்னு ரத்தம் குடுத்து, எக்ஸ்-ரே எடுத்து, டாக்டர்கிட்ட திட்டு வாங்கிட்டு வந்திருக்காரு."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் அவளை அழவைக்க அவர் செய்யாத குறும்பு இல்லை. ஒருநாளும் நடந்ததில்லை. இப்போது அழுகிறவளை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் புறங்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். மேசைமேல் கிடந்த கருவியில் யாரோ "ஹலோ, கார் வருமா வராதா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மேலாளரிடம் பேசி, குழிக்குள் இறங்காமல் மொட்டைமாடி மோட்டார் அறையில் மட்டும் வேலை என்று மாற்றிக்கொண்டார். மருந்து ஏற்றும் முதல் நாள் அவரும் போனார். நர்சு ஊசியை எடுத்ததும் விழுந்தார். படுக்கையில் இருந்தபடியே, "தலையத் தாழ்த்துங்க, காலத் தூக்குங்க, ரெண்டு நிமிஷத்துல எழுந்திருப்பான்" என்று அக்கா நர்சுகளுக்கு வேலை சொன்னாள். அடுத்த முறை சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அதற்கடுத்த முறை அவள் கையைப் பார்த்து உட்கார்ந்தார்.

முடி சொன்னபடி கொட்டியது. டோப்பா ஒன்று வாங்கி வந்தாள். மாட்டிய அன்றே, "தலைமேல பூனை ஏறிப் படுத்த மாதிரி இருக்கு" என்று கழற்றியவள், ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். கேமரா அம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்து, இன்டர்நெட் கம்பெனிக்காரர்களிடம் பேசி வெள்ளைப் பெட்டியின் ஐ.பி. முகவரியை மாற்றிக்கொடுத்தாள். முகவரிதான் மாறியது. விளம்பரம் போகவில்லை. "எல்லாப் போனையும் ஏற்கெனவே சேர்த்து வச்சுக்கிட்டான், மறக்க நாளாகும்" என்றாள் அவள். மாடிக்காரர் மட்டும் தன் போனில் எது வந்தாலும் கண்ணை மூடித் தள்ளிவிடுவதாகச் சொன்னார். தினமும் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று, "அக்கா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். முன்பெல்லாம் அவர் யாரிடமும் பேசுகிறவர் அல்ல.

நடுவில் ஒரு மாதம் மோசம். காய்ச்சல் வந்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. அந்த நாட்களில் லிஃப்ட்டுக்காரர் வீட்டில் ஜன்னலைத் தன் இஷ்டப்படி திறந்து வைத்தார். தடுக்க ஆளில்லை. திறந்த ஜன்னல் பக்கம் அவரால் உட்கார முடியவில்லை.

அந்த 'அப்பாடா'வை அவர் அக்காவிடம் சொல்லவில்லை. யாரிடமுமே சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும், அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அறுவை நடந்தது. தெரிந்த வரைக்கும் எதுவும் மிச்சமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். அக்கா மூலைக்குத் திரும்பி, கருவியை மாட்டிக்கொண்டாள். பழைய ஆட்கள் சிலர் குரலை வைத்தே அடையாளம் கண்டு, இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று விசாரித்தார்கள். "சும்மா, கொஞ்சம் ஓய்வு" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு வண்டி அனுப்பினாள்.

முடி திரும்ப வளர்ந்தபோதுதான் வீடு இன்னொரு முறை திகைத்தது. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து கம்பி மாதிரி நேரான முடி. இப்போது முளைத்ததெல்லாம் சுருள் சுருளாக, பாதி நரையோடு, ஆட்டுக்குட்டி மாதிரி. மருந்துக்குப் பிறகு சிலருக்கு அப்படி வருமாம். காலையில் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு சுருளை இழுத்து நேராக்கி விட்டுப் பார்த்தாள். அது மறுபடி சுருண்டு உள்ளே போய்விட்டது.

"டேய், இங்க வா" என்று கத்தினாள். "இத வந்து பாரு. இது யார் தலைடா?"

லிஃப்ட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே ஓடி வந்தவர், வாய் நிறைய நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்.